பழனி பாதயாத்திரை: நடப்பது நாம், நடத்துவது அவன்

மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருப்பார்கள். "பிள்ளைக்கு உடம்பு தேறட்டும், நடந்தே வந்து சேர்கிறோம் முருகா" என்று வேண்டிக்கொண்டது பாட்டியாக இருக்கும், நடக்கப்போவது பேரனாக இருப்பான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களில் பலர் இப்படி வீட்டில் இன்னொருவர் முடிந்த முடிச்சை அவிழ்க்கக் கிளம்பியவர்கள்தான்.

அவர்களில் ஒருநாள்கூட நடந்து பழகாமல், "அவன் பாத்துக்குவான்" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. அவன் பார்த்துக்கொள்வான்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் காரைக்குடிப் பக்கத்துக் குன்றக்குடியிலிருந்து பழனி சுமார் 160 கிலோமீட்டர். சிங்கம்புணரி, நத்தம், சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஐந்தாறு நாள் தார்ச்சாலை. கொடுத்த காலைக் கவனிக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்தவன்மேல் பாரத்தைப் போடுவதை பக்தி என்று சொல்ல மனசு வரவில்லை.

மாலை போடுகிற அன்றே நடையையும் தொடங்கிவிட வேண்டும். முதல் வாரம் விடியற்காலையில் 3 கிலோமீட்டர் போதும். வாரத்துக்கு மூன்று மூன்று கிலோமீட்டராகக் கூட்டிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் ஒருநாள் காலை 10, மாலை 8 என்று நடந்து பார்க்க வேண்டும். மறுநாளும் அதே தூரம் நடக்க வேண்டும். அந்த மறுநாள் நடைதான் பரீட்சை. முதல் நாள் அரோகரா போட்டுக்கொண்டு யாரும் நடந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் கெண்டைக்கால் கணக்குச் சொல்லும்.

வெறுங்காலில் நடக்கிற நேர்த்திக்கடன் என்றால் பழகும்போதும் வெறுங்கால்தான், பாதி மண்ணில், பாதி தாரில். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் நடையில் அது பிளந்து ரத்தம் கசியும். தினமும் இரவில் வெந்நீரில் கால் மணி நேரம் காலை ஊறவைத்து, தேய்த்துத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவினால் நாலைந்து வாரத்தில் அடங்கும். நகத்தைக் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிட வேண்டும். முந்தின இரவு ஒட்ட வெட்டினால் ஓரத்துச் சதை வீங்கி, சாலையில் அழவைக்கும். டிடி ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணியும் கண்ணாடிச் சில்லும் மாலை போட்டவர் கால் என்று பார்ப்பதில்லை.

மூட்டையைக் குழுவின் வண்டியில் போட்டுவிடலாம். தோளில் தொங்குவது 3 கிலோவுக்கு மேல் போகக்கூடாது: ஒரு வேட்டி, துண்டு, மெல்லிய போர்வை, ஒரு லிட்டர் தண்ணீர், டார்ச், மருந்துப் பை. தைப் பனிக்குத் தலையில் துண்டு கட்டாமல் நடந்தால் திண்டுக்கல்லுக்குள் சளி பிடித்துவிடும்.

வெட்கத்தால் யாரும் வாய் திறக்காத விஷயம் தொடை உரசல். பெரும்பாலும் குளித்த ஈரத்தோடு வேட்டி கட்டி நடப்பதால் வருகிறது. நன்றாகத் துடைத்து, வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவி, உள்ளே முட்டி வரைக்கும் பருத்திக் கால்சட்டை போட்டுக்கொண்டால் வராது. வந்தபிறகு சொன்னால் குருசாமியாலும் ஒன்றும் செய்ய முடியாது, காலை அகட்டி அகட்டி நடக்க வேண்டியதுதான்.

அடுத்தது கொப்புளம். நடுச்சாலையில் யாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். பாதத்தில் ஓரிடம் சுருக்கென்று சுடும். சிவந்திருக்கும், நீர் இன்னும் கோத்திருக்காது. அந்த நிமிஷமே ஓரமாக உட்கார்ந்து, மண்ணைத் தட்டி, ஈரம் போகத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் முக்கால்வாசி அங்கேயே நின்றுவிடும். "அடுத்த மடத்தில் பார்த்துக்கலாம்" என்று போனால் அடுத்த மடத்தில் எலுமிச்சைப் பிளவு அளவுக்கு நீர் கோத்திருக்கும். சின்னக் கொப்புளத்தை உடைக்கவே வேண்டாம். காலை ஊன்றவே முடியாத பெரியது என்றால் மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, நீரை மெதுவாக அழுத்தி எடுக்க வேண்டும். மேல்தோலை உரிக்கக்கூடாது, அதுதான் அடுத்த இரண்டு நாளுக்கு நமக்குச் செருப்பு. மேலே மருந்து, துணி, பிளாஸ்திரி. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள்ளேயே விட்டுவிடுகிற பழக்கம் இன்னும் சில குழுக்களில் இருக்கிறது. நீர் வடியும் என்பது உண்மை; அதே நூல் வழியாக அழுக்கு உள்ளே போகும் என்பதும் உண்மை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஊசியையே தொடக்கூடாது. அவர்களுக்கு வலி தெரியாமலே புண்ணாகியிருக்கும் என்பதால், ஒவ்வொரு தங்கலிலும் பக்கத்தில் இருப்பவர் டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நேரக்கணக்கு எளிது. விடியற்காலை மூன்றுக்கு எழுந்தால் ஒன்பது, பத்துக்குள் நடையை முடித்துவிடலாம். பிறகு நிழல், சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மறுபடி கிளம்பினால் இரவு ஒன்பது வரை. தார் கொதிக்கிற நேரத்தில் நடந்து யாரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை. வழியெல்லாம் அன்னதானம், எலுமிச்சைச் சாதம், சாம்பார் சாதம், பொங்கல் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். அந்த அன்புக்குக் கும்பிட்டுவிட்டு அரை வயிறோடு நிறுத்துங்கள். மூடிவைத்துப் புளித்த வாசனை வந்தால் பிரசாதம் என்று முகத்துக்காகச் சாப்பிட வேண்டாம். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரத்தை இரவில் கடக்கும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. காய்கறிச் சந்தைக்கு வருகிற லாரிகள் ஓடுகிற சாலை அது. திண்டுக்கல்லுக்கு அப்புறம் சாலையோரம் நடைபாதை உண்டு, இடையிடையே அறுந்துபோகும். அங்கெல்லாம் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் விளக்கோடு, முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரோடு. இளவட்டங்கள் தோள்மேல் கை போட்டு நாலு பேராகச் சாலையை அடைத்து நடப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தபிறகும் வராதது வரும். இரண்டு நாள் முன்னால் வீட்டில் ஒரு சாவு விழும். மாலையைக் கழற்றிப் படத்தில் போட்டுவிட்டு, கட்டின காவடியைப் பங்காளி அல்லாத ஒருவரிடம் ஒப்படைத்து, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதுதான் பல குழுக்களில் வழக்கம். சாணார்பட்டியில் ஒருவருக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொடும். வண்டியில் ஏற்றினால், நேர்த்தி போச்சே என்று அழுவார். ஏற்றத்தான் வேண்டும். நெஞ்சில் பாரம், தாடை வரை இழுக்கிற வலி, சில்லென்று வியர்வை என்றால் வாயு என்று சோடா வாங்கிக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அங்கே நேர்த்தியைப் பற்றிப் பேசுகிறவர் வாயை மற்றவர்கள் மூடலாம். நடந்த தூரம் அவனுக்குத் தெரியும். நடக்காத தூரமும் தெரியும். முதல் காவடி தூக்கிய இடும்பனே தூக்கிவந்த பாரத்தை நடுவழியில் இறக்கி வைத்தவன்தானே. அவன் இறக்கி வைத்ததுதானே நாம் ஏறப்போகிற மலை.

ஆயக்குடி கொய்யாவைக் கடித்துக்கொண்டு நடக்கும்போது மலை விளக்கு தெரியும். ஐந்து நாள் பேசாமல் வந்தவர்கூட அங்கே "அரோகரா" என்பார், குரல் பாதியில் உடையும்.

சண்முக நதியில் குளித்தால் கொப்புளக் காலைப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் கையை நீட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் மனசைத் திடமாக வைத்துக்கொள்ள வேண்டும். "சாமி, பை இங்கே வைங்க, காசு வேண்டாம்" என்பார்கள். திரும்பி வரும்போது அர்ச்சனைத் தட்டு வாங்கினால்தான் பை. "சீக்கிர தரிசனம், ஆளுக்கு இவ்வளவு" என்று காதோரம் பேசுகிறவர் கூட்டிப்போய் விடுவது அதே வரிசையில்தான். கோயில் முடிக்கொட்டகையில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-லேயே அறிவித்தாயிற்று. செல்போன் சன்னதிக்குப் போகாது, கீழேயே ஒப்படைத்துவிடுங்கள்.

படி 693. வலிக்கிற முட்டிக்கு யானைப்பாதை மேல். சரிவு குறைவு, உயரப் படி கிடையாது. ரோப் கார், விஞ்ச் (இழுவை ரயில்) வரிசையில் நிற்கும் நேரத்தில் மெதுவாக ஏறியே விடலாம், ரோப் கார் காற்று பலமாக அடித்தால் நின்றும்விடும். பூசத்தன்றே பார்த்தாக வேண்டும் என்றில்லாதவர்கள் இரண்டு நாள் முன்னேயோ பின்னேயோ ஏறினால் நிம்மதி. சாயரட்சை என்கிற மாலைப் பூசையின் ராஜ அலங்காரத்துக்கு எல்லோருக்கும் ஆசை, ஆகவே அந்த வரிசைதான் நீளம். இடும்பனைக் கும்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். சன்னதியில் கிடைப்பது சில நொடி. "நகருங்க, நகருங்க" என்று முதுகில் கை விழும். புதிதாக வருகிறவர்கள் பெரிய சிலையை எதிர்பார்த்து மேலே பார்த்துக்கொண்டே நகர்ந்துபோய்விடுகிறார்கள். போகர் சித்தர் ஒன்பது பாஷாணம் கூட்டிச் செய்ததாகச் சொல்லும் நவபாஷாணத் திருமேனி சிறியது. குருக்கள் எடுக்கிற தீபத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை ஓட்டினால் தவறாது: பாதம் தெரியும், தண்டு பிடித்த கை தெரியும், தீபம் இன்னும் ஒரு சாண் ஏறும், முகம். சிரிக்கிறானா, வெறுமனே பார்க்கிறானா என்று சொல்ல முடியாத முகம். மனப்பாடம் செய்துவந்த வேண்டுதல் எதுவும் நாக்கில் இருக்காது. கடன் மறந்துபோகும், பரீட்சை மறந்துபோகும், காலில் இருந்த கொப்புளம் மறந்துபோகும். முருகா என்று மட்டும் வரும், அதுவும் சத்தமில்லாமல். சாணார்பட்டியில் வண்டியேறியவரும் பக்கத்தில்தான் நிற்பார், வெறுங்காலோடு, கண் நிறைய. எத்தனை லாரி, எத்தனை பனி, எத்தனை முள், ஒன்றையும் மேலே விழாமல் பிடித்துக்கொண்டு வந்தாயே அப்பா, தண்டாயுதபாணி, நாங்கள் கட்டின பிளாஸ்திரியா எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது!

முதுகில் கை விழுந்தாயிற்று. வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்து மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்கிறார்கள். ஒரு வருஷம் இறுகின முடிச்சு, நகத்தால் வராது. பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ரூபாய் உண்டியலில் விழுகிறது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள், பாட்டியிடம் கொடுக்க.