பிறந்த ஊர்: ஹைதராபாத்

2005இல் மும்பையை அடுத்த உல்லாஸ்நகரில், ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். அங்கே விலாசங்களே வேறு மாதிரி இருக்கும். பேரக் (சிப்பாய்கள் தங்கும் நீளமான கட்டடம்) நம்பர், ரூம் நம்பர், கேம்ப் 4 என்று எழுதுவார்கள். இரண்டாம் உலகப்போரின்போது சிப்பாய்களுக்காகக் கட்டிய கல்யாண் முகாம் அது. பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளை அங்கே குடியமர்த்தினார்கள். 1949இல் அந்த ஊருக்கு அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி.

ஒருநாள் எழுபதை நெருங்கும் ஓர் அம்மாள் மகனோடு கணக்குத் தொடங்க வந்தார். பிறந்த ஊர் எது என்று கேட்டேன். "ஹைதராபாத்" என்றார். வரிசையில் கூட்டம். நானே ஆந்திரப் பிரதேசம் என்று சேர்த்து எழுதிவிட்டேன். மகன் அதை வாசித்துக் காட்டியதும் அந்த அம்மாள் பதறிப்போனார். "அது இல்லை பேட்டா, சிந்து ஹைதராபாத்!"

தப்பு என்னுடையது. பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்திலும் ஒரு ஹைதராபாத் உண்டு. வேறு படிவம் எடுத்தேன். அவரை உட்காரவைத்து, இந்த முறை நிதானமாகக் கேட்டேன்.

அவர் வீட்டு மாடியில் 'மங்' இருந்ததாம். காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் கூண்டு. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்குமாம். உள்ளங்கையைச் சாய்த்து, காற்று எப்படி இறங்கும் என்று காட்டினார். பத்து வயதில் கராச்சியில் கப்பல் ஏறியிருக்கிறார். இங்கே வந்தால், நீளமான பேரக்கைச் சாக்குப்படுதாவால் தடுத்துத் தடுத்துக் குடும்பங்கள். காற்றே வராதாம். அவருடைய அம்மா அப்பளம் இட்டு விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.

பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடு போட்டுப் பிரித்தார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் பாதி மாநிலமாவது இருந்தது. சிந்து முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போனது. சிந்தி இந்துக்களுக்குத் தங்கள் மண்ணில் ஒரு பிடிகூட இந்தியாவில் மிஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரிவினையைப் படித்த எனக்கு இது உறைத்தது அந்தக் கவுன்டரில்தான்.

கையெழுத்தை சிந்தியில், வலமிருந்து இடமாகப் போட்டார். மகன் எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது.

கிளம்பும்போது, "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். கும்பகோணம் என்றேன்.

"ஊருக்குப் போவாயா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை போவேன், மாஜி."

சாயங்காலம் கிளையில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். உல்லாஸ்நகரிலிருந்து என் ஊரைவிட அவர் ஊர்தான் கிட்டத்தில் இருந்தது.