ஒற்றை சர்வரிலிருந்து கிளவுடுக்கு மாறிய அனுபவம்

எங்கள் குழுவின் வெப் அப்ளிகேஷன் பல வருடமாக ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அதே மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதே மெஷினில் பயனர்கள் ஏற்றிய ஸ்கேன் கோப்புகள். டிஸ்க் பழுதாகும் அறிகுறி தெரிந்ததும் கிளவுடுக்குப் போவதென்று முடிவாகி, வேலை என் கைக்கு வந்தது. லினக்ஸும் டேட்டாபேஸும் எனக்குப் பழக்கம், கிளவுட் புதிது. அதே நிலையில் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ். அதன் கன்சோலில் (நிர்வாகப் பக்கத்தில்) இருநூறுக்கும் மேற்பட்ட சேவைகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம்மிடம் என்ன இருக்கிறதோ அதற்கு ஈடானதைத் தேடினால் போதும். புரோகிராம் ஓட ஒரு மெஷின் வேண்டும்: இசி2. டேட்டாபேஸுக்கு ஆர்டிஎஸ். கோப்புகளுக்கு எஸ்3. எஸ்3-யும் இசி2-வும் 2006-லேயே வந்தவை. இன்றும் பெரும்பாலான வேலைகளுக்கு அவைதான் அடிப்படை. மைக்ரோசாஃப்ட் அஷூரில் இவற்றுக்கு ஈடாக விர்ச்சுவல் மெஷின், அஷூர் டேட்டாபேஸ், பிளாப் ஸ்டோரேஜ் உண்டு. கூகுள் கிளவுடில் கம்ப்யூட் எஞ்சின், கிளவுட் எஸ்க்யூஎல், கிளவுட் ஸ்டோரேஜ். ஒன்றில் கை பழகிவிட்டால் மற்ற இரண்டிலும் தடுமாற மாட்டோம்.

மெஷின் எதையும் தொடங்கும் முன்பு அக்கவுண்ட் வேலையை முடித்தேன். அக்கவுண்டின் முழு அதிகாரமும் உள்ள ரூட் யூசருக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அன்றாட வேலைக்கு அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, குறைந்த அனுமதியோடு தனி யூசர்களை உருவாக்கினேன். கூடவே ஒரு பட்ஜெட் அலர்ட். இது தொகை தாண்டினால் மெயில் அனுப்பும், அவ்வளவுதான். நாமாக அதற்கென்று எதுவும் அமைக்காவிட்டால் எந்தச் சேவையும் நிற்காது. செலவுக் கணக்கும் சில மணி நேரம் பிந்தித்தான் வரும்.

நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது நெட்வொர்க். ஆனால் நிதானமாகக் கற்க வேண்டிய பகுதியும் இதுதான் என்பது என் கருத்து. முதலில் விபிசி என்ற நமக்கே உரிய தனி நெட்வொர்க். அதன் முகவரி வரம்பை 10.0.0.0/16 என்று கொடுத்தால் 65,536 முகவரிகள் கிடைக்கும். அதை சப்நெட்டுகள் என்ற சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு /24 சப்நெட்டில் 256 முகவரிகள் இருந்தாலும் 251-தான் நமக்கு, ஐந்தை ஏ.டபிள்யூ.எஸ் தனக்கென எடுத்துக்கொள்ளும். இணையத்துக்கான வாசலாகிய இன்டர்நெட் கேட்வேக்கு ரூட் (பாதை) இருக்கும் சப்நெட் பப்ளிக், இல்லாதது பிரைவேட். வெப் சர்வரை பப்ளிக்கிலும் டேட்டாபேஸை பிரைவேட்டிலும் வைத்தோம். ஆர்டிஎஸ்-க்கு குறைந்தது இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில் (தனித்தனியாக இயங்கும் டேட்டா சென்டர் தொகுதிகள்) சப்நெட் கேட்பார்கள் என்பதால் அதையும் முன்பே பிரித்து வைத்தது உதவியது.

அடுத்தது செக்யூரிட்டி குரூப், அதாவது மெஷினுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வால். புதிதாக உருவாக்கும் குரூப்பில் உள்ளே வரும் வழி எல்லாமே மூடியிருக்கும்; தேவையானதை நாம்தான் திறக்க வேண்டும். வெப் சர்வரில் 443 போர்ட் (எச்டிடிபிஎஸ்) எல்லோருக்கும், 22 (எஸ்எஸ்எச் லாகின்) எங்கள் ஐபிக்கு மட்டும். டேட்டாபேஸின் 5432 போர்ட்டைத் திறக்கும்போது ஐபி எதையும் கொடுக்கவில்லை. வெப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே அனுமதிக்கப்பட்ட இடமாகக் குறித்தோம். நாளை இன்னொரு வெப் சர்வர் சேர்ந்தாலும் அதை அந்தக் குரூப்பில் போட்டால் முடிந்தது, டேட்டாபேஸ் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம். இணைப்பு கிடைக்காதபோது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெகுநேரம் காத்திருந்து டைம்அவுட் ஆனால் பெரும்பாலும் செக்யூரிட்டி குரூப்போ ரூட்டோ வழியை அடைத்திருக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால் மெஷின் வரை போய்விட்டோம், அங்கே புரோகிராம் அந்தப் போர்ட்டில் ஓடவில்லை என்று பொருள். இந்த வேறுபாடு எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

கோப்புகளை மாற்றும்போது கோடிலும் கை வைக்க வேண்டியிருந்தது. எஸ்3 பார்க்க ஃபோல்டர் போல இருந்தாலும் அது ஃபைல் சிஸ்டம் கிடையாது. சாதாரண பக்கெட்டில் (எஸ்3-ல் கோப்புகளை வைக்கும் கொள்கலன்) ஒரு கோப்புக்குப் பெயர் மாற்ற வேண்டுமென்றால் புதுப் பெயரில் பிரதி எடுத்து, பழையதை நீக்க வேண்டும். பக்கெட் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு மூடியே இருக்கிறது. பயனர் ஒரு ஸ்கேனைக் கேட்டால், சிறிது நேரம் மட்டும் செல்லும் ப்ரீசைன்ட் யூஆர்எல்லை எங்கள் அப்ளிகேஷன் உருவாக்கித் தருகிறது. அப்ளிகேஷன் எஸ்3-யை அணுகுவதற்கு சாவி எதையும் கோடில் எழுதவில்லை. இசி2-வுக்கு ஒரு ஐஏஎம் ரோல் (மெஷினுக்கே தரும் அனுமதி) கொடுத்தோம். தற்காலிகச் சாவிகள் தானாக வந்து தானாகவே மாறிக்கொள்ளும். எந்த கிளவுடாக இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கோடைச் சேமிக்கும் கிட் ரெப்போவில் தவறுதலாகப் போய்ச் சேர்ந்த ஒரு சாவி போதும், வேறு யாரோ நம் அக்கவுண்டில் மெஷின்களை ஓட்டுவார்கள்.

டேட்டாபேஸ் சுலபமாகவே வந்தது. பழையதிலிருந்து டம்ப் (முழுப் பிரதிக் கோப்பு) எடுத்து ஏற்றினோம். ஆர்டிஎஸ்-ல் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கிடையாது, உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளும் போக முடியாது. நீங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிகள்) அங்கே உண்டா என்று முதலிலேயே பாருங்கள். அதற்கு ஈடாக அந்த சிஸ்டத்தின் பேட்ச் வேலையும் தினசரி பேக்கப்பும் அவர்கள் பொறுப்பு. இசி2-வில் ஓடும் லினக்ஸின் அப்டேட் மட்டும் இன்னும் நம் தலையில்தான்.

மாறும் நாளுக்கு முன்பே தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ன் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்திருந்தோம். கோப்புகளை சிங்க் கமாண்டில் பல முறை ஓட்டியிருந்ததால் கடைசி முறை புதியவை மட்டுமே நகர்ந்தன. பழைய அப்ளிகேஷனை நிறுத்தி, கடைசி டம்ப்பை ஏற்றி, டிஎன்எஸ் ரெக்கார்டை மாற்றினோம்.

செலவு பற்றி இன்னும் சில. உள்ளே வரும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. இன்டர்நெட்டுக்கு வெளியே போவதற்கு, இலவச அளவைத் தாண்டினால் உண்டு. இசி2-வை நிறுத்தினாலும் அதன் டிஸ்க்குக்குப் பணம் ஓடும். நிறுத்தி வைத்த ஆர்டிஎஸ் 7 நாளில் தானாக எழுந்துகொள்ளும். 2024 பிப்ரவரி முதல் பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். சோதனைக்காக உருவாக்கிய எல்லாவற்றுக்கும் ‘டெஸ்ட்’ என்று டேக் போட்டிருந்தோம். மாறிய மறுவாரம் அந்த டேக்கை வைத்துத் தேடி, டிஸ்க், ஸ்னாப்ஷாட், ஐபி என்று ஒவ்வொன்றாக நீக்கினோம்.