ராக்கெட் கட்டிய சம்சாரி: ஒரு படமும் விட்டுப்போன கணக்கும்

2007இல் வெளியான 'தி அஸ்ட்ரோநாட் ஃபார்மர்' படத்தைக் குடும்பத்தோடு பார்த்தால், முடிந்ததும் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். டெக்சாஸில் பண்ணை வைத்திருக்கும் சார்லஸ் ஃபார்மர் என்ற சம்சாரி, தன் கொட்டகைக்குள்ளேயே ராக்கெட் கட்டி, தானே அதில் ஏறிப் பூமியைச் சுற்றக் கிளம்புகிறார். நாசாவில் பயிற்சி எடுத்தவர், வீட்டு நிலைமையால் பாதியில் ஊர் திரும்பியவர். பதினைந்து வயது மகன் ஷெப்பர்டுதான் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்கிறான். "நடக்கிற காரியமா இது?" என்பது ஒரு கட்சி. "கணக்குப் பார்த்தா கனவு காண முடியுமா?" என்பது இன்னொரு கட்சி. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பக்கம் என்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே கலாம் வந்துவிடுவார்: "படகுக்காரர் வீட்டுப் பிள்ளை ராக்கெட் விடலையா?"

இரண்டு கட்சியும் கணக்கைத் தொடாமலே பேசுகின்றன. கணக்கைப் போட்டுப் பார்த்தால் படம் சிறுத்துப்போகாது. அதில் எது கற்பனை, எது நெஞ்சைத் தொடும் உண்மை என்று அப்போதுதான் பிரிந்து தெரியும்.

ஃபார்மர் வாங்கப் பார்க்கும் எரிபொருள் 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன். அதைக் கேட்டதும்தான் அரசாங்கம் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஏறும்போது புவியீர்ப்பும் காற்றும் தின்பதைச் சேர்த்தால் 9.4 வரை உந்த வேண்டும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் எரிந்து வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும், வேகத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று சொல்லும் ராக்கெட் சமன்பாட்டில் போட்டால், கிளம்பும்போதுள்ள எடை, எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் எடையைப்போல் 23 மடங்கு இருக்க வேண்டும் என்று வருகிறது. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் உட்கார்ந்து போன மெர்க்குரி வகைக் கூண்டு மட்டுமே 1.3 டன். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் எடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 30 டன் வேண்டும்.

படத்துக்குச் சாதகமாகவே கணக்கைப் போடுவோம். அந்த நாலரை டன் வெறும் மண்ணெண்ணெய் என்றும், அதற்கு வேண்டிய பத்து டன்னுக்கு மேற்பட்ட திரவ ஆக்சிஜன் தனியாகக் கிடைத்தது என்றும் கொள்வோம். அப்போதும் வேண்டிய 9.4ஐ எட்டாமல் நொடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும், அதுவும் எடையே இல்லாத தொட்டியில். 1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியை மூன்று முறை சுற்றப் புறப்பட்ட அட்லஸ் ராக்கெட், எரிபொருளோடு 120 டன்னை ஒட்டி இருந்தது. அதன் தொட்டிச் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த எஃகுத் தகடு. உள்ளே அழுத்தம் குறைந்தால் தன் எடையைத் தானே தாங்காமல் நசுங்கிவிடும். அப்படி ஒன்றைக் கொட்டகையில் நிறுத்தி வைக்க, இரவும் பகலும் அழுத்தமானியைப் பார்க்க ஆள் வேண்டும்.

நம் ஊர் ஆளைச் சொல்லும்போதும் இதே கணக்கைச் சொல்ல வேண்டும். கலாம் திட்டத் தலைவராக இருந்த எஸ்எல்வி-3 ராக்கெட் 17 டன் எடை, 22 மீட்டர் உயரம், நான்கு அடுக்கு. இவ்வளவும் சுமார் 40 கிலோவை மேலே ஏற்றுவதற்கு. 1979 ஆகஸ்ட் 10 அன்று இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு வழியாக அமிலம் கசிந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. இடையில் அந்த ஒரு வால்வைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் ஒரு பெரும் கூட்டம். "கலாம் தனியாகச் சாதித்தார்" என்று பிள்ளைகளிடம் சொல்வது அந்தக் கூட்டத்துக்கும் கலாமுக்குமே செய்யும் குறை. படத்தின் ஃபார்மருக்குக் கிடைக்காததும் அந்தக் கூட்டம்தான்.

இடம் இன்னொரு சிக்கல். "தனுஷ்கோடியிலிருந்து விட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தலைமன்னார். எரிந்து முடிந்த அடுக்கு விழுவதற்கு ஆளில்லாத கடல் வேண்டும், அது அங்கே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கித் துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட்டே இலங்கையைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. அந்த வளைவில் வீணாகும் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான், நேர் தெற்கே திறந்த கடல் உள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். டெக்சாஸ் பண்ணையைச் சுற்றிலும் கடலே இல்லை. படம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சரி, படத்தில் எது உண்மை? கடன். வங்கி பண்ணையைப் பறிக்க வருகிற அளவுக்குப் போனது மனைவி ஆட்ரிக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அவள் வெடிக்கும் காட்சிதான் படத்தின் உச்சம் என்பேன், ராக்கெட் காட்சி இல்லை. விசைப்படகுக்குக் கடன் வாங்கி, வலைக்கு நகையை வைத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வட்டியோடு கடக்கிற வீடுகளில் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையே இல்லை. "ஆம்பளைக்குக் கனவு, அடகுக் கடைக்கு நடக்கிறது பொம்பளையா?" என்று கேட்கும் பெண்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அதற்குப்பின் மாமனார் இறந்து, அவர் விட்டுப்போன பணத்தில் இரண்டாவது ராக்கெட் எழுகிறதே, அங்கே கதாசிரியர்கள் தப்பித்துக்கொண்டார்கள். கடனைக் கட்டும் காட்சி ஒன்று வந்திருந்தால் இது பெரிய படம்.

முதல் ராக்கெட் சாய்ந்து, கொட்டகையை உடைத்துக்கொண்டு தரையோடு தரையாகப் பாயும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். உந்துவிசை முழுதாக ஏறும்வரை ராக்கெட்டை அடியில் கவ்விப் பிடித்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கையால் புரிந்துகொள்ள, அடைத்த காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்சப் பாட்டில் மேலே பாயும் தண்ணீர் ராக்கெட் ஒன்று போதும். சோடா வகைக் குளிர்பானம் வந்த இரண்டு லிட்டர் பாட்டில் எடுங்கள். குடிதண்ணீர் பாட்டில் மெலிசு, வெடிக்கும். வெயிலில் கிடந்து வெளுத்த பாட்டிலும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். கூடினால் எடை இழுக்கும், காற்றுக்கும் இடம் குறையும். குறைந்தால் தண்ணீர் சட்டென்று தீர்ந்து வெறும் காற்றுதான் சீறும். பாட்டில் வாய்க்குச் சைக்கிள் டியூப் வால்வைச் செருகிய ரப்பர் அடைப்பான், காற்றடிக்க அளவுமானி உள்ள பம்பு. 40 பிஎஸ்ஐ போதும், 50ஐத் தாண்ட வேண்டாம். பம்புக் குழாய் ஐந்து மீட்டர் நீளம் இருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பாட்டிலைக் கவிழ்த்தால் கீழே வரும் வாய்ப் பக்கம் மூன்று துடுப்பு, மேலே வரும் மூக்கில் ஒரு பிடி களிமண். தண்ணீர் ஊற்றுவதற்கு முன், பாட்டிலைச் சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே போனால் சரி. பக்கவாட்டில் உருண்டால் களிமண்ணைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே போய்க் குட்டிக்கரணம் போடும்.

கடற்கரையில் தொல்லை இரண்டு. ஒன்று மணல்: பம்பு அடிக்க அடிக்க ஏவுதளம் ஒரு பக்கம் புதைந்து சாயும். பலகை போட்டு நான்கு மூலையிலும் முளை அடியுங்கள். அடைப்பானில் மணல் ஒட்டினால் காற்று கசியும், ஒவ்வொரு தடவையும் கழுவுங்கள். இன்னொன்று கச்சான் காற்று. துடுப்பு உள்ள ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும், அதனால் காற்று வரும் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஆனி, ஆடியில் விடிகாலையிலேயே விட்டுவிடுங்கள், பொழுது ஏறினால் காற்று பிடித்துக்கொள்ளும்.