வால் விழும் பேச்சு: நான்காவது பதிவு

ஏழு நிமிட மேடைப்பேச்சு, நான்காவது ஒலிப்பதிவு. நேரம் 6:48. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கணக்கில் பச்சை விளக்கு 5 நிமிடத்தில், மஞ்சள் 6, சிவப்பு 7, போட்டி என்றால் 7:30 தாண்டினால் வெளியே. அந்தக் கவலை இல்லை. இடைவெளியை நிரப்ப வாயில் வரும் 'வந்து', 'அதாவது', 'பார்த்தீங்கன்னா' மூன்றும் சேர்ந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டன. அடங்காதது ஒன்றுதான்: வாக்கியத்தின் வால். பத்தில் மூன்று வாக்கியங்களுக்குக் கடைசிச் சொல் தொண்டையிலேயே கரைகிறது.

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் குறிப்புகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். அவர்களுக்கு மறுப்புச் சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. நமக்கு வினையும் மறுப்பும் வால் நுனியில். 'இந்தப் பாலத்தை இந்த ஆண்டுக்குள் கட்டி முடிக்க முடி...' வரைக்கும் கேட்டவருக்கு முடியுமா, முடியாதா என்பது தெரியாது. ஒரு அசை விழுங்கினால் பேச்சின் பொருளே தலைகீழ்.

காரணம் மூன்று, மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மூச்சு தீர்வது முதலாவது. 'போய், பார்த்து, கேட்டு, வந்து' என்று வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போனால் முற்றுவினைக்குக் காற்று மிஞ்சாது. இரண்டாவது கண். வாக்கியம் முடிவதற்கு முன்பே அடுத்த வரியைத் தேடித் தலை குனிகிறது, வாய் மைக்கை விட்டு விலகுகிறது. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை: குற்றியலுகரம். 'முடியாது', 'வந்தது', 'கூடாது' எல்லாம் அரை மாத்திரை உகரத்தில் முடிகின்றன. இலக்கணமே குறுக்கி வைத்த ஒலியை மூச்சும் இல்லாமல் சொன்னால் என்ன மிஞ்சும்?

முதலில் செய்த தப்பு, அந்தத் 'து'வையே அழுத்தியது. 'முடியாதூ' என்று பழைய நாடக வசனம் மாதிரி ஆகிவிடுகிறது. அழுத்தம் போகவேண்டியது அதற்கு முந்தைய நெடிலுக்கு. 'யா' நன்றாகத் திறந்தால் 'து' தானாகக் கேட்கும். 'வந்தது' போல நெடில் இல்லாத சொல்லில் முதல் அசையைப் பிடிக்க வேண்டும்.

பலன் தந்த பயிற்சி, பின்னாலிருந்து கட்டுவது. 'முடியாது.' 'கட்டி முடிக்க முடியாது.' 'இந்த ஆண்டுக்குள் கட்டி முடிக்க முடியாது.' ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல் முதல்முறை சொன்ன அதே கனத்தில் விழவேண்டும். கனம் குறைகிற இடம்தான் மூச்சு தீருகிற இடம். அதற்கு ஒரு சொல் முன்னால் பிரதியில் பென்சிலால் ஒரு கோடு, அங்கே அரை மூச்சு. முற்றுப்புள்ளியில் இரட்டைக் கோடு, முழு மூச்சு. 'முடிக்க / முடியாது' என்று மட்டும் வெட்டக்கூடாது. கோடு 'ஆண்டுக்குள்'ளுக்குப் பிறகுதான். பன்னிரண்டு சொல்லைத் தாண்டிய வாக்கியத்தைக் கோடு போட்டுக் காப்பாற்றப் பார்ப்பது வீண், இரண்டாக உடைப்பதே மேல்.

கண்ணுக்கு வைத்தியம் தாளில். ஏ4 தாளின் மேல் பாதியில் மட்டும் பெரிய எழுத்தில் எழுதினால் தலை அவ்வளவு குனியாது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் பக்கம் திருப்பும்படி வைக்கவே கூடாது.

இனி அளப்பது. மூன்று பதிவு இதில்தான் வீணானது. போனை மேசையில் வைத்துப் பதிந்தால் வால் எல்லாம் அருமையாகக் கேட்கும். பல போன்களின் ஒலிப்பதிவுச் செயலி, மெல்லிய ஒலியைத் தானே தூக்கிவிடுகிறது. அந்தத் தானியங்கி ஏற்றத்தை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு, போனைக் கடைசி நாற்காலியில் வைக்க வேண்டும். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஒரே வாக்கியத்தின் முதல் சொல் அலையையும் கடைசிச் சொல் அலையையும் உயரம் ஒப்பிடுவது. உயரம் பாதி என்றால் 6 டெசிபல் இறக்கம், பொறுக்கலாம். கால்வாசி என்றால் 12, மின்விசிறி ஓடுகிற மண்டபத்தில் அது போச்சு. மைக்கிலிருந்து வாய் 7 சென்டிமீட்டரில் இருந்து 14க்கு விலகினாலே கிட்டத்தட்ட 6 டெசிபல் போய்விடும். ஆகவே பாதிக் குற்றம் தொண்டையுடையது இல்லை, கழுத்துடையது.

மைக் பற்றி: எஸ்எம்58 மாதிரி கையடக்க டைனமிக் மைக்குக்கு நான்கு விரல் இடைவெளி, நேராக இல்லாமல் வாயோரத்தைப் பார்த்தபடி. நேராக வைத்தால் 'பெரியோர்களே' என்று தொடங்கும்போதே 'ப' குண்டு போடும். இன்னும் நெருங்கினால் அடித்தொனி ஏறிக் குரல் கம்பீரமாவது உண்மைதான், ஆனால் சொல் தெளிவு குறைகிறது. வலைக் குமிழைக் கையால் பொத்துகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! பொத்தினால் பின்பக்க ஒலியைத் தள்ளும் அமைப்பே கெட்டு, ஸ்பீக்கர் கத்தும். 'ப' குண்டைத் தணிக்கும் பஞ்சு உறை சென்னை ரிச்சி தெருவில் எந்த மைக் கடையிலும் கிடைக்கும். மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், தடித்தது 'ச', 'ஸ' ஒலிகளை மழுங்கடிக்கும்.

அடுத்து காலர் மைக்கைப் பார்க்கும் எண்ணம் உண்டு. மைக் நெஞ்சிலேயே இருப்பதால் தலை குனிந்தாலும் ஒலி விலகாது, கொஞ்சம் ஏறவும் செய்யும். அதுதான் சிக்கல்: கழுத்தின் குற்றம் அதில் மறைந்துகொள்ளும். அதனால் ஐந்தாவது பதிவும் ஸ்டாண்ட் மைக்கில்தான், மின்விசிறியை ஐந்தில் வைத்து.