தண்டையார்பேட்டை பட்டறை: சாமான் பிரித்த நாட்கள்

2024 பிப்ரவரி 3, சனி

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் மேஸ்திரியின் மகன் போன் செய்தார். பட்டறையைக் காலி செய்கிறாராம். ஒரு தகரக் கொட்டகை, இரும்பு ரேக், சில மரப்பெட்டிகள், அவ்வளவுதான் சொத்து. ஆனால் எது எந்த வண்டியின் சாமான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. “நீங்கதான்ணா அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருப்பீங்க, வந்து பிரிச்சுக் குடுங்க” என்றார். போனேன்.

முதலில் கைக்குக் கிடைத்தவை ஸ்பேனர்கள். இன்ச்சு ஒரு பெட்டி, எம்எம் ஒரு பெட்டி. புல்லட் இங்கிலாந்து வண்டி என்பதால் அதன் நட்டும் போல்ட்டும் இன்ச்சுக் கணக்கு. ஜாவா, ராஜ்தூத், பின்னால் வந்த ஜப்பான் வண்டிகள் எல்லாம் மில்லிமீட்டர். மாற்றிப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். பட்டறையில் சேரும் பையனுக்கு இதுதான் முதல் பாடம். மேஸ்திரி நம்பர் சொல்லிக் கேட்க மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். நட்டைப் பார்த்துப் பையனே சரியான ஸ்பேனரை வைக்க வேண்டும். அந்தப் பையன்களுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதுதான் இருக்கும். 80-களில் அது எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை. இன்று உறுத்துகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று முழுக்கப் புல்லட் சாமான். எதிர்பார்த்ததுதான். புல்லட் செய்யும் திருவொற்றியூர் ஆலை பக்கத்தில் இருந்ததால் வடசென்னையில் புல்லட்டுக்குப் பஞ்சமே இல்லை. நம் ராணுவம் 350 சிசி வண்டி 800 வேண்டும் என்று கேட்டது. அதையொட்டி 1955-ல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. தாய்க் கம்பெனி 1970-ல் மூடிவிட்டது. பிள்ளை இங்கே அதே வண்டியைப் பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டே இருந்தது.

ஒரு டப்பா நிறையப் பழைய பாயிண்ட் செட், அதாவது திறந்து மூடி பிளக்கில் பொறி விழ வைக்கும் சின்ன சுவிட்ச். தேய்ந்ததைக்கூட மேஸ்திரி தூக்கிப் போடவில்லை. பாயிண்ட் முனை கருத்துப்போனால் உப்புத்தாளில் தேய்ப்பார், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து இடைவெளி பார்ப்பார். அடுத்து டைமிங், அதாவது பொறி விழும் நேரம். சிகரெட் பாக்கெட்டிலிருந்து மெல்லிய தாளைக் கிழித்துப் பாயிண்ட் இரண்டுக்கும் நடுவில் செருகி, இன்ஜினை மெதுவாகத் திருப்பிக்கொண்டே தாளை இழுத்துப் பார்ப்பார். தாள் எந்த இடத்தில் தளர்ந்து வருகிறதோ, அங்கேதான் பாயிண்ட் திறக்கிறது, பிளக்கில் பொறி விழுகிறது. நூல் பிசகினாலும் வண்டி ஏறாது, அல்லது கிக்கர் திருப்பி உதைக்கும்.

அந்தத் திருப்பி உதைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புல்லட்டைக் கிளப்ப உடல் பலம் வேண்டும் என்பது பாதிதான் உண்மை. கிக்கரை மெல்ல அழுத்தி, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்தபடி பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்ட வைத்து, லீவரை விட்டுவிட்டு, அப்புறம் ஒரே மிதி. இந்த வரிசை தெரிந்தால் ஒல்லிப் பையனும் கிளப்புவான். தெரியாத பயில்வான்கள் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

வேலை முடிந்து அரைமணி நேரம் மட்டும். டீசல் புல்லட்டின் சாமான் கொஞ்சம் கிடைத்தது. லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்பதற்காக அதிர்வைப் பொறுத்துக்கொண்ட ஆட்கள் இருந்தார்கள். அந்த வண்டியின் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா மாடா என்று தெரியாது.

பிப்ரவரி 10, சனி

டூ ஸ்ட்ரோக் பெட்டி. ராஜ்தூத் 175, யெஸ்டி, மொபெட் என்று எல்லாம் கலந்து கிடந்தது. பட்டறையின் வருமானத்தில் பெரும்பங்கு இவைதான் தந்திருக்க வேண்டும், ஏனென்றால் இவற்றுக்கு வேலை ஓயாது. பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். அதிகம் ஊற்றினால் பிளக் நனைந்து கருக்கும், சைலன்சரில் கரி அடைக்கும். குறைத்து ஊற்றினால் ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கஞ்சத்தனமும் தாராளமும் இரண்டுமே மேஸ்திரிக்கு லாபம்.

சைலன்சர் கரி எடுக்கும் நாள் தெருவுக்கே தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் குழாயை உருவித் தீயில் போட்டுப் பழுக்கவைத்துத் தட்டுவார்கள். எண்ணெய்ப் புகை வீடுகளுக்குள் போகும், எதிர்வீட்டுப் பாட்டி திட்டுவார், மேஸ்திரி சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தட்டு தட்டுவார்.

அட்டைப்பெட்டிகளில் ஓவர்சைஸ் பிஸ்டன்கள்: 0.25, 0.50, 0.75, 1.00 எம்எம் பெரியவை. சிலிண்டர் தேய்ந்தால் லேத்துக்கு அனுப்பிப் போர் பண்ணி (உள்துளையைக் கடைந்து பெரிதாக்கி), அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். 1.00-ஐயும் தாண்டினால் உள்ளே ஸ்லீவ் என்ற புது உறை அடித்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே வண்டி ஒரே குடும்பத்தில் இருபது வருஷம் ஓடியதன் ரகசியம் இதுதான். விசுவாசம், பாசம் என்றெல்லாம் இப்போது எழுதுகிறார்கள். புது வண்டி வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

ஒரிஜினல் கிடைக்காத சாமானுக்குப் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் குவியலில் நின்று, தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, பேரம் பேசி எடுத்து வருவார். அங்கேயும் கிடைக்காவிட்டால் வேறொரு வண்டியின் சாமானை அரத்தால் ராவிப் பொருத்துவார். நாங்கள் அதைத் திறமை என்று வியந்தோம். திறமைதான், மறுக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று கிடைத்ததில் என்னை உட்கார வைத்தது ராஜ்தூத் 350-இன் ஒரு கார்புரேட்டர். யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே செய்தது. இரட்டை சிலிண்டர், ஹை டார்க் என்ற முதல் வகைக்கு 30.5 குதிரைச் சக்தி. பிறகு 27-க்குக் குறைத்த லோ டார்க் வந்தது. வெளிநாட்டு வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், இங்கே டிரம். இவ்வளவு வேகத்துக்கு அந்த பிரேக் என்பது என்ன கணக்கோ.

ஆனால் சத்தம்! இரண்டு கார்புரேட்டரையும் ஒரே சீராக டியூன் செய்ய மேஸ்திரி யாரையும் பேச விடமாட்டார். ரேடியோவை நிறுத்தச் சொல்வார். ஒன்றைக் கால் திருப்பு, மற்றதை அரைத் திருப்பு, இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையை மாற்றி மாற்றி வைத்து மூச்சுப் பார்ப்பார்.

சோழவரம் பந்தயம் நெருங்கும்போது பட்டறைக்குப் புது முகங்கள் வரும். போர்க்கால விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயம் அது. ஜெயிப்பவர்களின் வண்டி இங்கே வராது, அவர்களுக்குத் தனி ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் வந்தவர்கள் பார்க்கப் போகிறவர்கள். போகும் வழியில் நிற்காமல் இருந்தால் போதும் அவர்களுக்கு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தபின் அந்தச் சந்தடி வடக்குப் பக்கம் இல்லாமல் போயிற்று.

பிப்ரவரி 17, சனி

100 சிசி வண்டிகளின் சாமான் மிகக் கொஞ்சம். அதிலேயே கதை இருக்கிறது. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்த வருஷம் கவாசாகி பஜாஜ். ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க், அதுவே கலந்துகொள்ளும். சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஆயில் கலக்கும் பேச்சே இல்லை. “ஊற்று, மூடு, மறந்துவிடு” என்று அதற்கு விளம்பரம் வந்தது. மேஸ்திரி கேட்டாராம்: “மறந்துட்டா நான் என்னா பண்றது?”

அவர் பயந்தது சரிதான். பட்டறையில் கூட்டம் இருந்ததற்குக் காரணம் வண்டிகள் மோசமாக இருந்தது. வாரம் ஒருமுறை எதாவது போகும், உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், காத்திருந்தவர்கள் சிநேகிதர் ஆனார்கள். நல்ல வண்டி வந்ததும் யாருக்கும் உட்கார நேரமில்லை. அந்த நட்புக்காகப் பழைய வண்டியே இருந்திருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. மழையில், இருட்டில், ஆறு வோல்ட் விளக்கின் மஞ்சளில் எண்ணூர் சாலையில் வண்டி தள்ளியவர்களைக் கேட்டால் அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

யெஸ்டி சாமானைக் கேட்டு ஒரு இளைஞர் வந்தார். பழைய வண்டியைத் தயார் செய்கிறாராம். கிக்கரே கியர் லீவராகவும் இருப்பதை முதலில் நம்பவில்லை என்றார். கிளப்பியபின் அதையே முன்னால் தள்ளி கியர் போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். மைசூர் ஆலை 1996-ல் மூடியபோது இவர் பிறந்தே இருக்க மாட்டார். கிளட்ச் பிளேட், ஆயில் சீல், இரண்டு பிஸ்டன் எடுத்துக்கொண்டார். விலையில் மட்டும் மேஸ்திரியின் மகன் கறாராக நின்றார்; அப்பாவுக்கு அது வராது. இன்ச்சு ஸ்பேனர் பெட்டியை மட்டும் விற்க வேண்டாம் என்று சொல்லி எடுத்துவந்திருக்கிறேன். ரேக்கை அடுத்த வாரம் கழற்ற வேண்டும், அதன் போல்ட்டுகள் இன்ச்சுதான்.