மே மாதப் பனியும் என் வலது தோளும்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் பனிச்சறுக்கு மலையான அராபஹோ பேசினின் அடிவாரமே 10,000 அடிக்கு மேல், அதனால் பெரும்பாலும் மே மாதத்திலும் ஸ்கீ மாட்டிச் சறுக்கலாம், ஆனால் ஜனவரிப் பனி இல்லை அது. காலையில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும், 10.30 வாக்கில் மேலே ஒரு விரல் அளவு இளகிக் கல் உப்பு மாதிரி ஆகும்போது சறுக்க அவ்வளவு சுகம், மதியத்துக்கு மேல் வெறும் கூழ். போன வருடம் அந்தக் கூழில்தான் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று இறங்கினேன். ஸ்கீ சிக்கிக்கொண்டது, நான் மட்டும் முன்னால் போய்த் தோள் இடிக்க விழுந்தேன். எலும்பு தப்பியது, காறை எலும்பு தோளோடு சேரும் இடத்தில் ஜவ்வு கிழிந்துவிட்டது. 3 வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங் கட்டு. அப்புறம் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. சட்டை போடுவதுதான் கொடுமை: அடிபட்ட கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது கடைசியில். இந்த மே மாதமும் போனேன், 12 மணிக்கே ஸ்கீயைக் கழற்றிவிட்டேன்.