பர்மாத் தேக்கும் பட்டறைக்காரர் விரல்களும்

செட்டிநாட்டில் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கிறார்கள் என்றால், அதன் மரத்தில் பெரும்பங்கு காரைக்குடியைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்குத்தான் வந்து சேரும். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து, தூணாகவும் உத்தரமாகவும் நிலையாகவும் பல தலைமுறை நின்ற தேக்கு, இப்போது கட்டிலாகவும் சாப்பாட்டு மேசையாகவும் முகப்புக் கதவாகவும் வேறு ஊர்களுக்குப் போகிறது. எங்கள் குடும்பத்துக்கும் அதுதான் தொழில். அந்த மரத்தின் அருமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை அறுக்கும் இடத்தில் போகிற விரல்களைப் பற்றி எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

உளியும் வாய்ச்சியும் இழைப்புளியும் கைவாளும் மட்டுமே இருந்த காலத்திலும் தச்சர்களுக்குக் காயம் பட்டதுதான். உளிக் காயம் பெரும்பாலும் இடது கையில்தான் படும், ஏனென்றால் மரத்தைப் பிடித்திருப்பது அந்தக் கை. தொழில் பழக வருகிற பையனுக்கு முதலில் சொல்லித்தருவது, உளியின் வாய்க்கு எதிரே உடம்பின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாது என்பதைத்தான். இரண்டாவது பாடம் சாணை. தீட்டாத உளி தீட்டிய உளியைவிட ஆபத்தானது. மொண்ணை உளியை மரத்துக்குள் இறக்கக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பலத்தோடு அது வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் கூர்மையான உளி ஏற்படுத்தும் காயம் நேர்க்கோட்டில் கிழிந்த காயம். இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தும். தையல் போட்டால் கூடும்.

மின்சார ரம்பத்தின் காயம் அப்படிப்பட்டது அல்ல. ரம்பத்தின் பல்லுக்கு அகலம் உண்டு. மரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு அது தூளாக்கி எடுத்துவிட்டுத்தான் மேலே நகரும், விரலிலும் அதையேதான் செய்யும். அந்த அகலத்தில் இருந்த எலும்பும் நரம்பும் இரத்தக் குழாயும் திரும்பக் கிடைக்காது. மீதியிருக்கும் ஓரங்களும் பிய்ந்து போயிருக்கும். விரலின் இரத்தக் குழாயே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தைத்துத்தான் துண்டான விரலை ஒட்ட வைக்கிறார்கள். ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் 1965-இல் முழுதாகத் துண்டான ஒரு கட்டைவிரலை அப்படி முதன்முதலாக ஒட்டிக் காட்டினார்கள். அந்த வித்தை இன்று தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. ஆனால் ஒட்டுவதற்கு இரண்டு பக்கமும் குழாய் மிஞ்சியிருக்க வேண்டும். இழைப்பு மெஷினில் போன விரல் நுனியை எந்த மருத்துவரிடமும் கொண்டுபோக முடியாது. அது மரத்தூளோடு கலந்துவிடுகிறது.

எங்கள் பகுதிப் பட்டறைகளில் நான் மிகவும் அஞ்சுகிற கருவி பெரிய ரம்ப மெஷின் அல்ல, நான்கு அங்குல மார்பிள் கட்டர். கல்லையும் ஓட்டையும் அறுப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. விலை குறைவு, எடை குறைவு, எங்கும் கிடைக்கும். அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, பலகை மேசையின் அடியில் தலைகீழாகத் திருகி, பிளேடு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, அதையே டேபிள் சா என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மேலே மூடி கிடையாது. வெட்டிய பிளவு மூடிக்கொள்ளாமல் தடுக்க, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் கிடையாது. சுவிட்ச் அழுந்தியே இருக்கும்படி கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். கை கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவது இதைவிடக் கொடியது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. இரும்பைத் தேய்க்கிற கல் வட்டு மெல்ல மெல்லத் தேய்க்கும், பல் பிளேடோ மரத்தைக் கவ்வும். கவ்விய நொடியில் மெஷின் முழுவதும் கையிலிருந்து துள்ளி, பிடித்திருப்பவரின் தொடையையோ கழுத்தையோ நோக்கி வரும். சுதாரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே அங்கே நேரம் இல்லை.

டேபிள் சாவில் நடக்கும் விபத்துக்கும் ஏறத்தாழ இதே காரணம்தான். சுற்றும் பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் நெளிந்து பிளவு மூடிக்கொண்டாலோ, துண்டு சற்றுக் கோணிவிட்டாலோ, அந்தப் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருக்கும் ஆளை நோக்கியே எறிகின்றன. பலகை வயிற்றில் பாய்வது ஒரு விபத்து. பலகை திடீரென்று விலகியதால், அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிளேடின் மேல் விழுவது இரண்டாவது விபத்து, விரல் போவது பெரும்பாலும் அதில்தான். பின்னால் நிற்கும் அந்தச் சிறு தகடு இருந்தால் பிளவு மூடாது. மரத்தைக் கையால் தள்ளாமல் ஒரு குச்சியால் தள்ளினால், விழுகிற கை பிளேடுக்கு எட்டாது. பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்றால் பலகை ஆளைத் தாண்டிப் போய்விடும். இந்த மூன்றுக்கும் செலவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. விரல் பட்டால் சில மில்லிநொடியில் பிளேடை நிறுத்திவிடும் மெஷினை அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-இல் உருவாக்கினார், அது விற்பனையிலும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகள் வாங்கக்கூடிய விலையில் அது இல்லை என்பதால், குச்சியையும் தகட்டையும் பற்றியே நான் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செட்டிநாட்டு மரத்துக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. அது ஆணி. கழுந்தும் துளையுமாகப் பூட்டிய வேலையில் ஆணி குறைவுதான். ஆனால் பிறகு வந்தவர்கள் விளக்கு மாட்டவும், படம் மாட்டவும், தோரணம் கட்டவும், மின்கம்பி இழுக்கவும் அடித்த ஆணிகள் எத்தனையோ. தலை துருப்பிடித்து உதிர்ந்தபின் உடல் மட்டும் மரத்துக்குள் தங்கிவிடுகிறது. அதன்மேல் பல பூச்சு வார்னிஷும் பெயிண்டும் ஏறியிருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. பிளேடு அதில் மோதினால் பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும், கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான துண்டு தெறிக்கும். அது கண்ணில் பட்டால் பார்வை போகும்.

எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரி ஒருவர் உத்தரக் கட்டையைப் பார்க்கும் விதத்தைப் பலமுறை அருகில் நின்று கவனித்திருக்கிறேன். முதலில் ஈரத்துணியால் துடைப்பார். துடைத்த இடத்தில், இரும்பு இருக்குமானால், தேக்கின் பழுப்பு நிறத்துக்குள் கருநீலமாக ஒரு கறை மெல்லத் தெரியும். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. பிறகு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கட்டையின் நான்கு முகத்திலும் விரல்கடை விரல்கடையாக நகர்த்துவார். நூல் எங்கே சாய்கிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம். சிறு உளியால் வட்டத்தைக் குடைந்து, குறட்டால் ஆணியை இழுத்த பிறகே கட்டை மெஷினுக்குப் போகும். ஒருநாள் அவசரப்பட்ட ஓர் இளைஞன், "அண்ணே, இதுக்கே அரை நாள் போயிரும் போலயே" என்றான். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "போகட்டும் தம்பி, நாள் போனா நாளைக்கு வரும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு இடது கை நடுவிரலில் ஒரு கணு கிடையாது.

வேறொரு பட்டறையில் நடந்த விபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைகீழாகத் திருகிய கட்டரில் சிறு சட்டங்கள் அறுத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் ஆள்காட்டி விரல் துண்டானது. உடன் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள், பதறிப்போய் ஓடினார்கள். காயத்தின்மேல் காபித்தூளை அப்பினார்கள். துண்டான விரலை எடுத்து, குளிர்பானக் கடையில் வாங்கிய ஐஸ்கட்டிக்குள் நேரடியாகப் புதைத்துக் கொண்டுபோனார்கள். ஐஸ் நேரடியாகத் தொட்ட திசு உறைந்து செத்துவிட்டது. ஒட்ட வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒட்ட முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

துண்டான விரலைச் சுத்தமான நீரில் மெதுவாக அலசி, சலைன் அல்லது சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாதபடி வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரல் ஐஸைத் தொடக் கூடாது, தண்ணீரில் மிதக்கவும் கூடாது. தோல் துளி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அறுத்து எடுக்கக் கூடாது. காயத்தின்மேல் காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்; சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் போதும். விரலில் தசை இல்லாததால், கை கால்களைவிட நீண்ட நேரம் அது தாங்கும். முறையாகக் குளிர வைத்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க நேரம் இருக்கிறது. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்பதை விபத்துக்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

கரண்ட் போய் வருவதால் நேரும் காயங்களும் உண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும், சுவிட்சை அணைக்க மறந்து பிளேடில் சிக்கிய சிராயை எடுக்கப் போவார்கள், கரண்ட் வந்துவிடும். பிளக்கைப் பிடுங்காமல் பிளேடைத் தொடக் கூடாது என்பதை எங்கள் பட்டறையில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். துணிக் கையுறையும் பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள். சுற்றுகிற கருவியிடம் கையுறை போடவே கூடாது. துளை போடும் டிரில்லோ, மரத்தில் பள்ளம் எடுக்கும் ரௌட்டரோ அதன் ஒரு நூலைப் பிடித்தால் கையையே இழுத்துக்கொள்ளும். கோயில் கயிறும் மோதிரமும் தோளில் போட்ட துண்டும் அப்படித்தான். கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்களிடம் முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். யாரும் அதை மறுத்ததில்லை.

மரத்தூளின் கேடு மெதுவானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும் அந்த நோய் வருகிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். முகத்தில் துண்டைக் கட்டுவது நுண்தூளைத் தடுக்காது.

விரல் போனபின் வருகிற கணக்கு தனி. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு இழப்பு என்று வகுத்தது. கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சிற்பவேலை செய்கிற ஆசாரி இடது கை ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வைத்துத்தான் உளியின் போக்கை நிறுத்துகிறார். யாளியின் கண்ணையோ தாமரை இதழையோ செதுக்கும் கைக்கு அந்த விரல் போவது 14 விழுக்காடு அல்ல, வேலையே போவது. அந்தப் பணமும் நாள்கூலிக்கு வந்து போகிறவருக்கு எளிதில் கிடைப்பதில்லை, ஏனென்றால் அவர் யாரிடம் வேலை செய்தார் என்பதற்குத் துண்டுச்சீட்டுகூட இருக்காது. ஆகையால் எங்களிடம் வருகிறவர் ஒருநாள் வந்தாலும் பெயர், தேதி, கூலி மூன்றையும் நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். கட்டட வேலைக்கும் போகிற தச்சர்களைத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யவும் சொல்கிறோம். அட்டை இல்லாதவர்களை அழைத்துக்கொண்டு, ஆதாரும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் போட நானே உடன் போகிறேன்.